மூன்று தடவை எரிந்த கிளட்ச்

திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற சாலையில், ஒரு மில் காம்பவுண்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் ஆல்வினுடைய பைக் ஒர்க்‌ஷாப். ஆல்வினுக்கு நாற்பத்தேழு வயது. வேலை சுத்தம், வாய் கொஞ்சம் துடுக்கு. "கிளட்ச் போயிருச்சுண்ணே", "பேட்டரி செத்துருச்சுண்ணே" என்று வியாதியின் பெயரோடு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அதான் நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே, அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். பிறகு வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, பின்னால் ஏறி உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் போய்விட்டு வருவார். ஓட்டுகிறவரின் கை கால் எப்படி என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை. சந்தையில் மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் இந்த ஆடி மாதம் பாதி நாள் பேச்சே இல்லாமல் இருந்தார். காரணம், முனியப்பனின் வண்டி.

முனியப்பன் தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருப்பவர். அறுபதை நெருங்குகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். சித்திரையில் முதல் தடவை வந்தார். "முறுக்குனா சத்தம் மட்டும் ஏறுது தம்பி, வண்டி ஏற மாட்டேங்குது" என்றார். அது கிளட்ச் நழுவுகிற வண்டிதான். இடது கைப் பிடியை விட்டால் உள்ளே இருக்கிற பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் இன்ஜினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகும். தேய்ந்த பிளேட் பிடிக்காது, வழுக்கும். பழைய வண்டி, தேய்வது சகஜம். ஆல்வின் புதிய பிளேட் போட்டுக் கொடுத்து, "ரெண்டு வருசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஆனி பிறந்ததும் முனியப்பன் வந்து நின்றார். திறந்து பார்த்தால் பிளேட் கருகிக் கிடந்தது. ஆல்வினுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. சரக்கு போலியோ என்று வேறு கடையில் பிளேட் வாங்கினார். ஆயிலைத் தானே வாங்கி ஊற்றினார். பிளேட்டை அழுத்துகிற ஸ்பிரிங்குகளை அளந்து பார்த்துவிட்டு, சரியாக இருந்தும் புதிதாகப் போட்டார். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் கிளட்ச் நழுவும் என்பதால், பிடியில் லேசான தளர்ச்சி இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்தார்.

ஆடி மூன்றாம் வாரம் மூன்றாவது தடவையும் எரிந்தது. அன்றைக்கு ஆல்வின் மறுபடி பின்னால் ஏறி உட்கார்ந்து மில் கேட் வரைக்கும் போய் வந்தார். முனியப்பன் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓட்டினார். கியர் மாற்றும்போது மட்டும் இடது கை பிடியைத் தொட்டது, உடனே விட்டது. அப்படியானால் ஓட்டுகிறவர் மேல் பிழையில்லை. சரக்கின் மேல் இல்லை, ஆயிலின் மேல் இல்லை, ஸ்பிரிங்கின் மேலும் இல்லை. மிச்சமிருந்தது மாட்டியவரின் கைதான்.

அதைத்தான் ஆல்வினால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆறு மாதமாக அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. காலையில் எழுந்தால் அந்த விரல்கள் வேறு யாருடையவோ மாதிரி இருக்கும். இரண்டு தடவை போல்ட் கையிலிருந்து விழுந்தது, விழுந்ததே தெரியவில்லை. பிளேட் சரியாகப் பொருந்தி உட்கார்ந்ததா, கோணலாக நிற்கிறதா என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்ல வேண்டும். கை பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்தார். வேறு தொழில் தெரியாது. மனைவி நான்சி பள்ளிக்கூட ஆசிரியை, அவள் சம்பளத்தில் வீடு நடக்கும். ஆனால் காலையில் எழுந்து எங்கே போவது? கையை டாக்டரிடம் காட்டினால் அவர் என்ன சொல்வாரோ என்று காட்டாமலே இருந்தார். மூன்றாவது செட்டை எடுத்துவிட்டு நான்காவது செட்டை மாட்டும்போது, சுண்டு விரலும் மோதிர விரலும் படாமல் மற்ற மூன்று விரலாலேயே தடவித் தடவி மாட்டினார்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, ஆல்வின் டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு தன் வண்டியில் திரும்பும்போது, முன்னால் முனியப்பனின் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஒரு தலையணை கட்டி, அதன்மேல் ஒரு அம்மாள் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்திருந்தார். முனியப்பனின் மனைவி ஒச்சாயியாகத்தான் இருக்க வேண்டும். இடுப்பு வைத்தியத்துக்கு வாரம் இரண்டு நாள் டவுனுக்கு அழைத்து வருவதாக முனியப்பன் எப்போதோ சொல்லியிருந்தார்.

ஆல்வின் முந்திப் போகத்தான் நினைத்தார். ஆனால் சத்தம் அவரை இழுத்துப் பிடித்தது. இன்ஜின் மூன்றாவது கியர் வேகத்தில் உறுமுகிறது. வண்டியோ நடந்து போகிறவரோடு சேர்ந்து போகிறது. வேகத்தடை வந்தது. முனியப்பன் கியரைக் குறைக்கவில்லை. பிடியைப் பாதி அழுத்தி, பாதி விட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி வண்டியை அந்தப் பக்கம் இறக்கினார். தடை தாண்டியும் கை பிடியை விடவில்லை. நேரான சாலையிலும் விடவில்லை. நான்கு விரலும் பிடியிலேயே கிடந்தன. ஆல்வின் இரண்டு கிலோமீட்டர் பின்னாலேயே போனார். ஒரு தடவைகூட அந்தக் கை முழுசாக எழவில்லை.

தப்பு நம் கையில் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். சாலையில் தனியாகப் போகிற மனிதர் வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் முந்திப் போய் அவர்களை மறித்து நிறுத்தினார். ஒச்சாயி இறங்கி, கொட்டகையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கிளட்ச எரிக்கிறது நீங்கதான். பின்னாடியே பாத்துக்கிட்டு வாரேன். பாதிப் பிடியிலயே ஓட்டுறீங்க. அப்புடி ஓட்டுனா தங்கத்துல பிளேட்டு போட்டாலும் எரியும்."

முனியப்பனுக்குச் சுருக்கென்றது. "முப்பது வருசமா ஓட்டுறேன் தம்பி. நீங்களும்தான் பின்னாடி ஒக்காந்து வந்தீக. அன்னைக்கி எதுவும் சொல்லலையே?"

"நான் ஒக்காந்தா நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க" என்று சொல்லும்போதே ஆல்வினுக்கு முழுசாகப் புரிந்தது. பின்னால் ஒச்சாயி இருக்கும்போது மட்டும்தான் அந்தக் கை பிடியை விடுவதில்லை.

ஒச்சாயிதான் பேசினார். "அவரு சொல்ல மாட்டாரு தம்பி, நான் சொல்றேன். மாசி மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நான் பொறப்பட நேரமாயிருச்சுன்னு இவருக்குக் கோவம். ஏறி ஒக்கார முன்னாடியே கிளட்ச் பிடியப் படக்குன்னு விட்டுட்டாரு. வண்டி துள்ளுச்சு, நான் மல்லாக்க விழுந்தேன். இடுப்பு எலும்பு விட்டுப்போச்சு. ஆசுபத்திரியில எல்லார்ட்டயும் ரோட்டுல மண்ணு கெடந்துச்சு, சறுக்கிருச்சுன்னு சொன்னாரு. நானும் ஆமாஞ்சாமி போட்டேன்."

முனியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"விழுந்தவளுக்குத் தெரியாதா? இம்புட்டு நாளும் நீ சொல்லுவேன்னு பாத்தேன். விழுந்தது நான், தம்பி. பயந்துபோயிக் கெடக்குறது இந்த மனுசன்."

பிறகு ஆல்வின் ஸ்பேனரை எடுத்தார். ஆயிலை வடித்து, வலப்பக்க மூடியைக் கழற்றினார். நான்காவது செட்டும் கருக ஆரம்பித்திருந்தது. இடையில் இருக்கிற இரும்புத் தகடுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. புதிய பிளேட்டுகளை ஆயிலில் ஊறப் போட்டார். அவை ஊறுகிற நேரத்தில், ஒச்சாயி குலுங்காமல் போக என்ன வழி என்று யோசித்தார். செயினை இழுக்கிற முன்பக்கப் பல்சக்கரத்தைக் கழற்றி, அதற்குப் பதிலாக ஒரு பல் குறைந்த சக்கரத்தை மாட்டினார். செயினை இறுக்கிச் சரிசெய்தார்.

"இனிமே வேகம் கொஞ்சம் கொறையும்ணே. ஆனா முதல் கியர்ல பிடிய முழுசா விட்டாலும் வண்டி நடந்துதான் போகும், துள்ளாது. மெதுவா போறதுக்குப் பாதிப் பிடி தேவையே இல்ல."

பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். இந்தத் தடவை எந்த விரலையும் ஒளிக்கவில்லை. மரத்த விரல்கள் மரத்தபடியே இருந்தன. மற்றவை சொல்லவேண்டியதைச் சொல்லின. ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

எல்லாம் முடிந்தபோது மணி நாலு. முனியப்பன் வண்டியில் உட்கார, ஒச்சாயி தலையணை மேல் ஏறிப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதல் கியர் விழுந்தது. வண்டி இரண்டடி போனது. பிடியைப் பாதியில் பிடித்தபடி முனியப்பன் நின்றுவிட்டார். விரல்கள் வெள்ளையாக இறுகியிருந்தன.

"விடுங்கண்ணே. ஒண்ணும் ஆகாது."

"விடத்தான் பாக்குறேன் தம்பி. வர மாட்டேங்குது" என்றார்.

சாலையில் மில் ஷிப்ட் விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி அவர்களைப் பார்த்தார், கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு பின்கம்பியை விட்டுவிட்டு, கையை முன்னால் கொண்டுபோய்க் கணவரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்.

"கைய எடுய்யா. நான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன்."

முனியப்பன் மூச்சை இழுத்துவிட்டார். முதலில் சுண்டு விரல் பிரிந்தது, பிறகு மற்றவை. பிடி முழுசாக வெளியே வந்தது. வண்டி துள்ளவில்லை. தன்பாட்டுக்கு நகர்ந்து, மில் ஆட்களுக்கு நடுவில் நடை வேகத்திலேயே போய், வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஒச்சாயி கையை எடுக்கவே இல்லை. அவர்கள் திரும்பிப் பார்க்காமலே தாடிக்கொம்புப் பக்கம் போய்விட்டார்கள்.

ஆல்வின் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷமாக இருக்க வேண்டியவர்தான். ஆனால் முனியப்பன் வாயைத் திறக்காமல் சுமந்த ஆறு மாதம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. தம்முடையதும் அதே ஆறு மாதம்தான். பள்ளிக்கூடம் விட்டிருக்கும். போனை எடுத்து நான்சியைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இல்ல, இருக்கு. ஆறு மாசமா கையில வெரலு மரத்துப்போகுது நான்சி. பயமா இருந்துச்சு, சொல்லல."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நான்சி நகர்ந்து ஓரமாகப் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

"எந்தெந்த வெரலு?" என்றாள்.

ஆல்வின் இடது கையை விரித்துப் பார்த்துச் சொன்னார்.