மூன்றாம் மாடியில் கிடைத்த அமைதி

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம், கல்லூரிக்குக் கட்ட ஒரு பருத்திப் புடவை வாங்குவதற்காகத் தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குத் தனியாகப் போயிருந்தேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது இருபத்திரண்டு வயதில்தான் தெரிய வந்தது. கூட்டமும் இரைச்சலும் ஓர் அளவைக் கடந்தால் என் பேச்சு நின்றுவிடும். உடல் முன்னும் பின்னும் ஆடும்.

மூன்றாம் மாடியில் ஒலிபெருக்கி விலைகளைக் கூவிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியாத ட்யூப் லைட்டுகளின் ரீங்காரம். கஞ்சி போட்ட புதுத்துணியின் வாடை தொண்டையில் ஒட்டியது. யாருடைய ஈரக் கையோ என் முதுகைத் தள்ளிக்கொண்டு போனது. தூணருகே ஒதுங்கிக் கண்களை மூடினேன். ஆடத் தொடங்கினேன்.

"தள்ளு, தள்ளு. ஆத்தா வந்துகீறா."

புடவை எடுத்துப் போடும் பெண்மணியின் குரல் அது. கடைச் சீருடை, ஐம்பது வயதிருக்கும். "மைக்க நிறுத்து நைனா. யாரும் மேல கை வெக்காதீங்க."

ஒலிபெருக்கி நின்றது. கூட்டம் பின்வாங்கி வட்டமாயிற்று. வங்கியிலும் மருத்துவமனையிலும் நான் எழுதிக் காட்டிக் கேட்டும் கிடைக்காத அமைதி, வேறொருத்திக்காக அங்கே உடனே கிடைத்தது. கண்களைத் திறந்தேன். அத்தனை பேரும் என் முகத்தைத் தாண்டி உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்மணி கைகூப்பினார். "தாயே, எம்பொண்ணு ஊட்ட வுட்டுப் போயி நாலு மாசமாச்சு. போனு எடுக்க மாட்றா. திரும்பி வருவாளா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொற்கள் தயாராக இருந்தன, வாய் திறக்கவில்லை. உடலோடு தலையும் மேலும் கீழும் போனது. நிறுத்த முயன்றபோது வேகம்தான் கூடியது.

"ஆத்தா தலையாட்டிட்டா, அக்கா," என்றாள் உடன் வேலை செய்பவள். "அப்பறம் இன்னா, கூழு ஊத்திடு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சில நிமிடங்களில் ஆட்டம் ஓய்ந்தது. பேச்சு திரும்பியதும் முதல் வேலையாக அவரிடம் சொன்னேன்: "அக்கா, நான் சாமி இல்ல. எனக்கு சத்தம் தாங்காது, அதான் ஆடினேன். உங்க பொண்ணப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மலையேறிட்டா," என்று அவர் கூட்டத்திடம் அறிவித்தார். சாமி இறங்கிப் போய்விட்டதாம். என்னைக் கனிவோடு பார்த்தார். "சாமி வந்தவங்களுக்கு எதுவும் நெனப்பு இருக்காதும்மா."

"அந்தத் தலையாட்டல் பதில் இல்லக்கா. நான் எதுவும் சொல்லல."

"நீ எங்க சொன்ன? அவ சொன்னா."

நான் மறுக்க மறுக்க அவருக்கு அது உறுதிப்பட்டது. கைபேசியை எடுத்து மகளின் எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கியை மறுபடியும் போட்டார்கள். மறுமுனையில் யாரேனும் எடுத்தார்களா என்பது எனக்குக் கேட்கவில்லை.