வெங்காயத்துக்குப் பதினாறு

மலையகத்தில் பசறைக்குப் பக்கத்திலுள்ள தமிழ்ப் பாடசாலையொன்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கியபோது, உயிரியல் கற்பிக்க என்னை அனுப்பினார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து கொஞ்சக் காலம். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், சின்னதைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரேயொரு நுணுக்குக்காட்டி. அதற்கு மின்விளக்கு கிடையாது. அடியிலிருக்கும் கண்ணாடியைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். மழைக்குள் ஒளியும் எங்கள் மார்கழிச் சூரியனை நம்பிப் பாடத்திட்டம் போட்ட மகானை நான் சந்தித்ததேயில்லை.

முதல் செய்முறை, வெங்காய வேர் நுனியில் கலப்பிரிவு. ஓர் உயிர்க்கலம் இரண்டாகும்போது அதன் கருவுக்குள் குரோமோசோம் என்னும் நிறமூர்த்தங்கள் நூல் நூலாகத் திரண்டு, நடுவில் வரிசைகட்டி, இரு பக்கமும் இழுபட்டுப் போகும். வெங்காயத்துக்கு அவை பதினாறு. வேரை வெட்டி, அமிலத்தில் இளக்கி, சிவப்புச் சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பெருவிரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். பார்த்தோம். எட்டுப் பிள்ளைகள் கொப்பியில் வரைந்த படங்களில் பதினாறும், பேர் பதியக் காலைப் பெரட்டுக்கு வந்த தோட்டத் தொழிலாளர்கள் மாதிரி ஒழுங்காக நின்றன. ஒன்பதாவது கொப்பியில் ஒரு வெறும் வட்டம். கீழே, ‘ஒன்றும் தெரியவில்லை.’

கொப்பிக்காரி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நடந்து வருகிறவள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரிஞ்சது ஒனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?”

“அவங்களுக்குப் புத்தகத்துல தெரிஞ்சிச்சுங்க டீச்சர்.”

பத்துக்கு மூன்று போட்டு, வாய்க்கொழுப்புக்கு ஒன்றைக் குறைத்தேன்.

அடுத்த வாரம் பதுளையிலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையை உதவிக்கு நிறுத்தியிருந்தேன். ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒரு திருகைத் திருகினார்.

“நல்ல வடிவாத் தெரியுது. நிறமூர்த்தமெல்லாம் நடுவிலை வரிசையா நிக்குது. நீங்களும் பாருங்கோ, அதிபர்.”

எங்கள் பாடசாலை அதிபர் படித்தது வரலாறு. அவரும் குனிந்தார். “ஆமாங்க, தெளிவா இருக்கு.”

“சேர்,” என்றாள் அவள், கையிலிருந்த கண்ணாடித் துண்டைக் காட்டி. “வெங்காயத்த இன்னும் வைக்கலங்க.”

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையால் மிக நிதானமாகத் துடைத்தார். “டீ ஆறிரும், வாங்க சேர்,” என்று அதிபர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆலோசகர் பதிவேட்டில் ‘செய்முறைப் பயிற்சி திருப்திகரம்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு அவளைத் திட்டத்தான் முதலில் தோன்றியது. ஆனால் பல்கலைக்கழகத்தில் நானும் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து வரைந்தவள்தான். அதுவரை ஒரு நிறமூர்த்தத்தையும் என் கண் கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பதுளை நூலகத்தில் கலப்பிரிவு ஆராய்ச்சியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். கலத்துக்குள் தெரியும் இந்த நூலிழைகளை முதலில் ஒழுங்காக வரைந்து, இழை என்ற பொருளிலேயே கலப்பிரிவுக்குப் பெயரும் வைத்தவர் ஒரு ஜெர்மனிக்காரர். பல்லி மாதிரி இருக்கும் சலமந்தரின் குஞ்சுகளில் பார்த்தாராம். பார்த்து எழுத அவருக்குப் புத்தகம் இல்லை. பாவம், கண்ணால் பார்த்தே வரைய வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மனிதனுக்கு நாற்பத்தெட்டு நிறமூர்த்தம் என்று ஒரு பெரிய மனிதர் அமெரிக்காவிலிருந்து சொன்னார். முப்பது வருசத்துக்கு மேலாக உலகமே நாற்பத்தெட்டு என்று எண்ணியது. கல்லீரல் கலங்களைப் பார்த்த ஒரு குழு, நாற்பத்தாறுதான் கிடைக்கிறதென்று ஆராய்ச்சியையே கைவிட்டதாம். கடைசியில் சுவீடனில் இரண்டு பேர் கலங்களை நீரில் ஊதவைத்து, நன்றாகப் பரத்தி எண்ணினார்கள். நாற்பத்தாறேதான்.

எங்கள் ஆலோசகர் மீது எனக்கு அன்பே வந்துவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். நானும் பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன். அதற்கு ஒரு பிள்ளையும் ஆச்சரியப்படாததுதான் கொஞ்சம் வலித்தது.

மறுபடி ஆரம்பித்தோம். ஜாம் போத்தல்களின் வாயில் பம்பாய் வெங்காயங்களை உட்காரவைத்து வேர்விடச் செய்தோம். மூன்று வாரம் சேறும் குமிழியும்தான் தெரிந்தன. குளிரில் அமிலம் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட்டு, அவள் அதைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கினாள். வெயில் அடித்த ஒரு காலையில் குனிந்தவள் நிமிரவேயில்லை.

“என்னடி?”

“இது படத்துல உள்ள மாதிரி இல்லங்க டீச்சர். முடி சிக்குப் பிடிச்ச மாதிரிக் கெடக்கு. ஆனா ரெண்டு பக்கமும் இழுக்குது.”

அவளைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டுப் பார்த்தேன். இழுத்துக்கொண்டுதான் இருந்தது, இழுத்தபடியே உறைந்து. எனக்குக் கண் கலங்கியதால் கொஞ்ச நேரம் அதுவும் தெரியவில்லை. இன்னொரு கலத்தில் வரிசைகட்டி நின்றவற்றை எண்ணினோம். அவளுக்குப் பதினான்கு, எனக்குப் பதினேழு.

“அப்ப பரீட்சையில என்ன எழுதுறதுங்க?”

“பரீட்சையில பதினாறுன்னு எழுது. கொப்பியில கண்டத எழுது.”

விஞ்ஞான ஆசிரியை சொல்லக்கூடிய புத்திமதியா என்று இன்றைக்கும் தெரியாது. அவள் இரண்டையும் செய்தாள். உயிரியலில் சித்தியும் பெற்றாள்.