நீலத் திரையில் நின்ற லாரி

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் அப்பாவும் என் கணவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. "வாங்க மாமா" என்பார் இவர். "வாரேனுங்க மாப்ள" என்பார் அவர். பிறகு இருவரும் டிவியைப் பார்ப்பார்கள். அது ஓடாவிட்டாலும் பார்ப்பார்கள். இந்த இருவரையும் பேச வைத்த பெருமை ஒரு கம்ப்யூட்டருக்குச் சேரும்.

அப்பா சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். முதலாளி ஆன பிறகும் டிரைவர் சீட்டிலிருந்து இறங்க மனசில்லாமல் லோடு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிசியோதெரபிக்கு வசதி என்று சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். அம்மா வரவில்லை. எருமை நிறைசினையாக இருந்தது, அதற்குத் துணை வேண்டும் என்றாள். அப்பாவுக்குத்தான் நான் இருக்கிறேனே.

என் கணவர் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று போனில் சொல்வதும்தான் அங்கே அதிகமும் வேலை. அந்தத் திறமைக்கு மில் போதவில்லை. மிச்சத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். அது கேம் விளையாடவே கட்டிய கம்ப்யூட்டர். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஆடிப் பண்டிகைக்குக் கோயிலில் போடும் சீரியல் செட் போலக் கலர் கலராக விளக்குகள். அதன் மூளையான ப்ராசசருக்குக் கம்பெனி ஒரு வேகம் வைத்து அனுப்பியிருந்தது. இவர் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து, அதற்கும் மேலே ஓட வைத்திருந்தார். ஓவர்க்ளாக்கிங் என்று பெயர். "அஞ்சு புள்ளி ரெண்டு" என்று அந்த வேகத்தை, பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வதுபோல உறவுக்காரர்களிடம் சொல்வார். அவர்களும் குழந்தையைப் பார்த்ததுபோலச் சிரித்து வைப்பார்கள்.

அதே கம்ப்யூட்டரில்தான் நானும் பகலில் வேலை செய்தேன். அம்மாபேட்டையிலும் ஆட்டையாம்பட்டியிலும் தறி வைத்திருப்பவர்களுக்குச் சேலை பார்டர் டிசைன் போட்டுத் தருவது என் தொழில். வரைந்துகொண்டிருக்கும்போதே திரை சட்டென்று நின்றுபோகும். பாதி மயிலோடு பார்டர் காணாமல் போகும். கணவரிடம் சொன்னால், "நீ நிறைய விண்டோ தொறந்து வெச்சிருப்ப" என்பார். அத்தோடு விசாரணை முடிந்தது.

அப்பா வீட்டுக்குள்ளேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அவரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, மேஜையில் ஸ்டீயரிங்கை மாட்டிக் கொடுத்தார். கியர் தானாக மாறும், கிளட்ச் கிடையாது, டாக்டருக்கும் குறை இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு நெடுஞ்சாலையில் இருபது டன் லோடோடு அப்பா புறப்பட்டார்.

"ஏனுங்க மாப்ள, இது எந்த ஊரு ரோடு? ஒரு குழியக் காணமே."

"ஐரோப்பாங்க மாமா."

"டீக்கடையுமில்ல. இப்படியே போனா டிரைவர் தூங்கியல்ல போவான்."

குறை சொல்லிக்கொண்டே சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி ஓட்டினார். மறுநாளிலிருந்து காலையில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். என் வேலை மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த வாரமே ஒரு மலை இறக்கத்தில் லாரி அந்தரத்தில் நின்றது. திரை முழுக்க நீலமாகி, அழுகிற முகம் ஒன்று வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தபடியே கத்தினார். என் மயில்கள் போனபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாமனாரின் லோடு நின்றதும் என் கணவர் மில்லுக்கு அரைநாள் லீவு போட்டார்.

கம்ப்யூட்டரின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, சூட்டைக் காட்டும் எண்ணைத் திரையில் வைத்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு டிகிரி. "ஹீட்டுங்க மாமா. ப்ராசசரு கொதிக்குது."

அப்பாவின் முகம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் தெளிந்தது. "அதத்தானுங்க நானும் நெனச்சேன். ரேடியேட்டரு அடைச்சிருக்கும்."

அன்றிலிருந்து இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். என் கணவருக்குப் போனில் ஒரு குழு இருந்தது. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் 'ப்ரோ' என்று கூப்பிட்டுக்கொண்டு வைத்தியம் சொல்லும் இடம். அப்பாவுக்கு சங்ககிரியில் பழைய கூட்டாளி ஒருவர் இருந்தார், இன்னும் லாரி ஓட்டிக்கொண்டிருப்பவர். குழு ஒன்று சொல்லும், கூட்டாளி வேறொன்று சொல்வார். இரண்டையும் செய்தார்கள்.

முதலில் தூசி எடுக்க வேண்டும் என்று முடிவானது. பஞ்சர் கடையில் காற்றடிக்கும் குழாயைப் பிடித்தால் நொடியில் போய்விடும் என்றார் அப்பா. கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் வைத்து, துண்டால் கட்டி, மணப்பெண்ணை அழைத்துப்போவதுபோல மெதுவாகக் கொண்டுபோனார்கள். தூசி போனது. கூடவே ஃபேனின் ஒரு இறக்கையும் போனது.

"ஒண்ணு போனா என்னுங்க மாப்ள, இன்னும் ஆறு இருக்குதுல்ல" என்றார் அப்பா.

மிச்சமிருந்த ஆறும் சேர்ந்து கிரைண்டர் ஓடுகிற சத்தம் போட்டன. சூடு குறையவில்லை. குழுவில் கேட்டதற்கு, காற்றெல்லாம் போன காலத்து வழக்கம், தண்ணீர் ஓடும் கூலர் போடுங்கள் ப்ரோ என்றார்கள். தண்ணீர் என்றதும் அப்பா மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். பார்சல் வந்த அன்று இருவரும் மேஜைக்கு இருபக்கமும் நின்று அதைப் பொருத்தினார்கள். பழைய ஃபேன் கூலரின் அடியில் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பசையை வழித்துவிட்டு, புதுப் பசையை இட்லிக்குச் சட்னி வைப்பதுபோலத் தாராளமாக வைத்தார் என் கணவர். ரேடியேட்டரைப் பார்த்து அப்பா கண்கலங்காத குறை. அசல் லாரி ரேடியேட்டரைச் சுருக்கி வைத்ததுபோல இருந்தது.

சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, கூட்டாளிக்கும் போன் போட்டு வரச்சொன்னார்கள். அவரும் வெயிலில் சங்ககிரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நான் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தேன். அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"பாருங்க, எப்படி ஏத்தத்துல இழுக்குதுன்னு."

ஏற்றத்தின் பாதியிலேயே திரை நீலமானது. இறக்கை உடைந்த ஃபேனிலும் பத்து நிமிஷமாவது ஓடியது. இப்போது இரண்டே நிமிஷம்.

கூட்டாளி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அழுகிற முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, வண்டி நின்னா டிரைவர்தானே அழுவான். இங்க வண்டியல்ல அழுவுது?"

அப்பா அன்று சாப்பிடவில்லை. என் கணவர் சாப்பிட்டார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். கூட்டாளி மட்டும் இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் கூலரைத் திரும்பக் கழற்றினார்கள். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ப்ராசசர் மேல் உட்கார வேண்டிய செப்புத் தகட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியபடி இருந்தது. பொருத்துவதற்கு முன் உரிக்கவும் என்று அதிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"ஏனுங்க, இதப் பிரிக்கலீங்களா?" என்றேன்.

"புதுசாச்சேன்னு விட்டுட்டேன். கீறல் விழக் கூடாதுல்ல" என்றார் என் கணவர்.

டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு, அதன் மேல் ரப்பர் பேண்டும் போடுகிற குடும்பம் அவருடையது. அப்பாவுக்கோ அது நியாயமாகவே பட்டது. அவருடைய கடைசி லாரியைச் சீட்டுக் கவரைப் பிரிக்காமலேயே விற்றார் என்பது எனக்குத் தெரியும்.

தாளை உரித்து மாட்டியதும் சூடு அறுபதுக்கு இறங்கியது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். மாமனாரும் மருமகனும் கைகுலுக்கி எங்கள் பக்கம் நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அப்பா புது லோடு எடுத்தார். அரை மணி நேரம் நன்றாகப் போனது. ஒரு சுங்கச் சாவடியில் நின்று கிளம்பும்போது திரை நீலமானது. சூடு அறுபதேதான்.

இனி ஹீட் என்று சொல்ல முடியாது, ரேடியேட்டர் என்றும் சொல்ல முடியாது. "கண்ணு பட்டிருச்சு மாப்ள. அவன் பார்த்த பார்வையே சரியில்ல" என்று கூட்டாளி மேல் பழியைப் போட்டார் அப்பா. எம்.சி.ஏ. படித்த என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

எனக்கோ ஆட்டையாம்பட்டிக்கு ஒரு பார்டர் அனுப்பியாக வேண்டும். "கம்பெனி வெச்ச ஸ்பீடுலயே விட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு அடிபட்ட பார்வை பார்த்திருக்க மாட்டார்கள்.

"அஞ்சு புள்ளி ரெண்டு ஓடற ப்ராசசர, நாலு சொச்சத்துக்கு எறக்கச் சொல்றியா?"

"ஓடலீங்களே. நிக்கத்தான செய்யுது."

அடுத்த நாள் அவர் மில்லுக்குப் போனதும், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செட்டிங்கைத் திறந்தேன். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் வழி அதிலேயே இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டது, ஆமாம் என்றேன்.

"மாப்ள கோவிச்சுக்குவாரு அம்முணி."

"சொல்லிக்கலாம். நீங்க லோடு எடுங்கப்பா."

சந்தேகத்தோடுதான் எடுத்தார். ஏற்றம், இறக்கம், சுரங்கப்பாதை, மழை எல்லாம் கடந்து, கடல் தெரியும் ஒரு ஊரில் கொண்டுபோய் லோடை இறக்கினார். திரையில் பாராட்டு வந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கு ஒரு போன் போடு, உங்கம்மாகிட்டச் சொல்லோணும்" என்றார். அம்மாவுக்கு எருமைக் கன்று பிறந்த செய்தி இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மத்தியானம் என் மயில் முழு மயிலாகவே சேமிக்கப்பட்டது.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். திரையில் இருந்த வேக எண்ணைப் பார்த்தார். "எதுவும் நிக்கலியா?"

"ஒருக்காக்கூட நிக்கலீங்க மாப்ள. கப்பலாட்டம் போவுது" என்றார் அப்பா, தானே செட்டிங் மாற்றியதுபோல.

என் கணவர் காபியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. உண்மையில் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் ஹாலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் யாரு ப்ரோ ஓவர்க்ளாக் பண்றாங்க? அது பழசு. வோல்டேஜக் கொறச்சு ஓட்டணும், அண்டர்வோல்டிங். அதுலதான் வித்தையே இருக்கு. நான் நம்ம ஊட்டுல பண்ணிப் பார்த்துட்டேன்."

அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "அம்முணி, மாப்ள இன்னமும் எதையோ கழட்டப் போறாரு. அதுக்குள்ள நான் இந்த லோட எறக்கிப்போடறேன்."