கார்டில் உயிரோடிருந்த பதினொரு பேர்

செவ்வாய்க்கிழமை காலை, ரேஷன் ஆபீஸ் வாசலில் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு குப்பத்து அஞ்சலை சொன்னாள்: "நம்ம தேவசகாயம் ஐயா தவறிப் பூட்டாரு சார்." வயது ஐம்பத்தொன்று. காசநோய்.

திருவொற்றியூர் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது. மீனவர் குப்பத்து ரேஷன் கார்டுகள் அவர் பொறுப்பு. மீன் விற்கும் பெண்களையும் உட்காரவைத்துத்தான் பேசுவார். மற்ற குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு டாக்டர் வந்தார். முதுமையைத் தள்ளிப்போட மருந்து தேடுகிறவர். எங்கள் பதிவேட்டின்படி அந்தக் குப்பத்தில் மட்டும் தொண்ணூறைத் தாண்டியவர்கள் பதினொரு பேர். அவர்கள் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்.

"மனிதன் நூற்றைம்பது வயது வரை வாழலாம்."

"அத்தனை பேருக்கும் அரிசி?" என்று கேட்டேன்.

"அதற்குத்தான் இந்த ஜனங்கள் பிள்ளை பெறுவதை நிறுத்த வேண்டும்."

அந்தப் பதினொரு பேரும் செத்துப்போனவர்கள். பெயரை அடித்தால் அரிசி குறையும் என்று குப்பத்தில் யாரும் சாவைச் சொல்வதில்லை. கார்டில் கிழவிக்கு வயது ஏறிக்கொண்டே போகும். அவள் பங்கைப் பேரப்பிள்ளைகள் தின்னும். தேவசகாயம் அவர்களுக்கு இது தெரியும். அதுவரை வாய் திறந்ததில்லை.

அன்று திறந்தார். "பொய்யை நம்பி மருந்து செய்தால் குடிக்கிறவன் சாவான், டாக்டர். அதனால் சொல்கிறேன், அந்தப் பதினொரு பேரும் இறந்தவர்கள். அவர்கள் அரிசியைத் தின்கிறவர்கள் நீங்கள் வேண்டாம் என்கிற பிள்ளைகள்தான். வெளியே சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

டாக்டர் நேரே மேலதிகாரியிடம் போனார். பெயர்களை அடிக்க உத்தரவு வந்தது. தேவசகாயம் அவர்கள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். வேலை போயிற்று. பெயர்களை அடித்தவன் நான்.

மாமியாரின் பெயர் அடிபட்டதும் அஞ்சலை தேவசகாயம் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்: "எங்க மாமியாளை நீதான்யா சாவடிச்ச!"

"ஆமாம்மா" என்றார்.

பிறகு ராயபுரத்தில் ஒரு மரக்கிடங்கில் எடுபிடி வேலை. இருமல் அங்கேதான் முற்றியது. அவர் ஆயுளை நீட்டப் புது ஆராய்ச்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடையில் விற்கிற ஊசி மருந்து போதும். வாங்க வழியில்லை.

நேற்று அவர் மனைவி கார்டைக் கொண்டுவந்தார். "பேரை அடிச்சிருங்க தம்பி."

கூட வந்த அஞ்சலை கார்டின்மேல் கையை வைத்து மறைத்தாள். "இன்னாத்துக்கும்மா அவசரம்? எங்க மாமியா செத்தும் ஆறு வருசம் கார்டுல இருந்துச்சி. ஐயா ஒரு மாசமாச்சும் இருக்கட்டுமே."

இந்த இரங்கல் குறிப்பைப் படிக்கும் அதிகாரி எனக்கும் வேலைநீக்க உத்தரவு அனுப்பட்டும். போய் வாருங்கள், தேவசகாயம் ஐயா. இந்த முறை நானும் பேனாவை மூடிவிட்டேன்.