அக்கா கோர்ட்டில் சொன்ன பெயர்

இங்கே ஜெர்மனியில் எங்கள் கீழ்வீட்டுச் சிறுமி, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி மாலையில் முதுகுப்பையோடு படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வாசலில் மணி அடிக்கும். அவளுடைய அப்பா. அவர் உள்ளே வரமாட்டார், அம்மா வெளியே போகமாட்டாள். பிள்ளை மட்டும் இறங்கிப் போகும். வந்த புதிதில் பிள்ளையின் அம்மா மோனிகாவிடம் காரணம் கேட்டேன். “கெட்ரென்ட்” என்றாள். அந்தச் சொல் எனக்கு உணவகத்தில்தான் பழக்கம். பில் சேர்த்தா, தனித்தனியாகவா என்று கேட்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் செலவைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, எனக்கும் அது பிடித்திருக்கிறது, என் கணவரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். மோனிகா என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். தாழ்ந்த குரலில், அவர் உன்னை அடிக்கிறாரா என்று கேட்டாள்.

பிறகு அகராதி வந்தது. புருஷனைப் பிரிந்து வாழ்வதற்கும் அதே சொல்தான் என்று தெரிந்ததும் இருவரும் சிரித்தோம். பிள்ளை யாரிடம் எந்த நாளில் இருப்பது என்று நீதிபதி சொல்லிவிட்டார் என்றாள், ரயில் நேரம் சொல்வதுபோல. எனக்கு அவள் முதலில் கேட்ட கேள்விதான் மனசில் நின்றது. ஆம்பூரில் என் அக்கா செல்வியை அப்படி யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் நடுவில் அது. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அக்காவை ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். குடித்தால் அத்தானுக்குக் கை நீளும். ஒருநாள் கன்னம் வீங்கிப்போய், இடுப்பில் மகள் மல்லிகாவோடு அக்கா வந்து நின்றாள். திரும்பிப் போகவில்லை. குழந்தை தனக்கே வேண்டும் என்று அத்தான் வேலூர் கோர்ட்டில் மனுப் போட்டார்.

கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவரும் அமீனா வந்தபோது அப்பா வாங்க மறுத்துவிட்டார். வாங்காவிட்டால் கேஸே நடக்காது என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். கோர்ட்டுப் படி ஏறினால் பேஜாரு, பொம்பளைக்கு அசிங்கம் என்றார் பக்கத்து வீட்டு பாய். அமீனா காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அப்பா அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். சில மாதம் கழித்து ஜோலார்பேட்டையிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: தீர்ப்பு எங்க பக்கம், பிள்ளையை அழைத்துப்போக வருகிறோம்.

அன்று காலையே அக்கா, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் பாலாற்று மணலும் பதனிடும் தோலின் வாடையும். இங்கே கடையில் புதுச் செருப்பை முகர்ந்தால் இன்றைக்கும் அந்த பஸ்ஸில்தான் போய் உட்காருகிறேன்.

லாங் பஜார் பக்கத்தில் ஒரு மாடி அறையில் வக்கீல் இருந்தார். அதிகம் பேசாத மனுஷர். கதவில் ஒட்டினாலே சம்மன் சேர்ந்த கணக்குதான் என்றார். ஒரு தரப்பு வராவிட்டால் மற்றவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும், அதைத்தான் எக்ஸ்பார்ட்டி என்பது. ஆனால் விஷயம் தெரிந்ததும் உடனே வந்து, வராததற்குக் காரணம் சொல்லி மனுப் போட்டால் கேஸைத் திரும்ப எடுப்பார்கள். “அப்பாவுக்கா அம்மாவுக்கா உரிமைன்னு கோர்ட் பாக்காதும்மா. பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும். ஆனா அதச் சொல்ல நீ அங்க நிக்கணும்.”

அக்கா நின்றாள். ஒரு வாய்தாவைக்கூட விடவில்லை. தீர்ப்பை ரத்து செய்து கேஸை மறுபடி எடுத்தார்கள். சாட்சி சொல்லக் கூண்டில் ஏறிய அன்று, புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அக்கா வாய் திறக்கவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதேயில்லை. எழுதிக் காட்டட்டுமா என்று வக்கீலைப் பார்த்தாள். சாட்சி வாயால்தான் சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஆளைக் கூப்பிடுவதுபோல உரக்கச் சொன்னாள்: “ஏழுமலை.”

“இன்னா?” என்றார் பின்னால் நின்ற அத்தான், தன்னை மறந்து.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குத் தடங்கலே இல்லை. அடி, வீக்கம், பட்டினி எல்லாவற்றையும் கேட்டதற்குக் கேட்டபடி சொன்னாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

குழந்தை தாயிடமே இருக்கலாம், மாதத்தில் ஒரு ஞாயிறு தகப்பன் பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அப்பா அத்தானை வீட்டுப் படி ஏற விடவில்லை. அதனால் ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு மல்லிகாவை நான்தான் கூட்டிப்போவேன். அத்தான் குளித்து, தலை வாரி, குடிக்காமல் வந்து இறங்குவார். சில நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவார்கள். ஒரு முறை, உங்க அக்கா நல்லா இருக்குதா என்று என்னிடம் கேட்டார். நல்லா இருக்குது என்றேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இங்கே ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். போன தடவை ஆம்பூரில் லீவு முடிந்து கிளம்பியபோது மெட்ராஸ் வண்டி ஏற்றிவிட வந்தவள் மல்லிகா. என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஜன்னல் கம்பி வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“சித்தி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபாதான் நீ வரணும்னு எந்த ஜட்ஜ் சொன்னாரு?”

வண்டி அசைந்தது. அவள் விடாமல் கூடவே நடந்தாள். ஒரு கை அவளிடம் இருந்தது. மறு கை, என்னைக் கேட்காமலே, மடியிலிருந்த பைக்குள் போய் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தது.