பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர்

கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் படிவம் ஏதும் வந்தால், அது கவுன்சில் வீட்டுக்கோ பள்ளிக்கூட இடத்துக்கோ பெனிபிட் என்கிற அரசாங்க உதவிப் பணத்துக்கோ, நேரே நகுலேஸ்வரியின் குசினி மேசைக்குத்தான் வரும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கறுப்புப் பேனையை எடுத்து, ஒரு கட்டம் விடாமல் நிரப்பித் தள்ளுவாள். "வெறுமையா ஒரு கட்டம் விட்டியளோ, அப்பிடியே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்பது அவள் வேதம். முதலில் டோர்ட்முண்டில் ஜெர்மன் மொழியில், பிறகு லண்டனில் ஆங்கிலத்தில், முப்பத்தைந்து வருஷமாக அவள் நிரப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, பெருமைப்பட வேறென்ன வைத்திருக்கிறாள்?

வீட்டு வேலைப் பங்கீடும் அப்படித்தான் இருந்தது. கணவர் நித்தியானந்தன் பஸ் ஓட்டுவார், அவள் படிவம் நிரப்புவாள். பத்தொன்பது வருஷம் அவர் ஓட்டியது 86ஆம் இலக்க பஸ். கொரோனா வந்த முதல் சித்திரையில் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. தகனத்தை அவள் போன் திரையில் பார்த்தாள். அடுத்த வருஷம் மகன் நிஷாந்தன் ரொறன்ரோவிலிருந்து வந்து சாம்பலைத் தேம்ஸில் கரைத்துவிட்டுப் போனான். மகள் கோசிகா மான்செஸ்டரில். போய்ப் பார்க்கக் கல்லறையும் இல்லை, தொட்டுப் பார்க்க ஒரு பலகையும் இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் அவர் பேர் எழுதிய இடம் என்று ஒரு சாண் சுவர்கூடக் கிடையாது. அது அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டே இருந்தது.

நவம்பர் தொடக்கத்தில், முருகன் கோயில் வாசலில் சிவமலர் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். தன் பேரனின் பள்ளிக்கூடப் படிவத்தை அவள் நிரப்பிக் கொடுத்ததற்கு நன்றிக்கடன்போல.

"அக்கா, இதைப் பாருங்கோ. ஸ்ட்ராட்ஃபோர்ட்டில நினைவு நாள் எண்டு குடும்பங்களுக்கு நடத்தினமாம். யுத்தத்தில செத்த ஆமிக்காரருக்காக இவங்கள் நவம்பரில குத்துற சிவப்புப் பூ மாதிரி, கடதாசிப் பூவில செத்துப்போன ஆரின்ர பேரையும் எழுதலாமாம். சண்டையில செத்தவைதான் எண்டில்லை. மாசம் முடியுமட்டும் மண்டபத்தின்ர முன் யன்னலில தொங்குமாம்."

அன்று பின்னேரமே நகுலேஸ்வரி கணினியின் முன்னால் குந்தினாள். ஒரே ஒரு வகை டிக்கெட்தான் இருந்தது: குடும்பம், பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். தன் பேரை மட்டும் அடித்துப் பார்த்தாள். மற்ற மூன்று கட்டங்களும் சிவந்துபோய் அடம்பிடித்தன. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், கை தானாகவே அடித்தது: நித்தியானந்தன், நிஷாந்தன், கோசிகா. நாலு பேரும் மறுபடி ஒரே படிவத்தில் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

சனிக்கிழமை காலை ஸ்ட்ராட்ஃபோர்ட் மண்டப வாசலில் ஒரே குழந்தைக் கூச்சல். தள்ளுவண்டிகள், முகத்தில் பூ வரைந்துகொண்ட சிறுமிகள், கடதாசித் தொப்பிக்குச் சண்டை பிடிக்கும் பெடியள். வாசலில் சிவப்பு ரீஷேர்ட் போட்ட வெள்ளைக்காரப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"நான்கு பேர். மற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்களா?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"பிள்ளைகளுக்கு எத்தனை வயது?"

படிவத்தில் வயதுக்கென்று கட்டம் இருக்கவில்லை. அவள் வாயில் பொய்யும் வரவில்லை. "முப்பத்து நாலு. முப்பத்தொன்று."

வரிசையில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உள்ளே முழுக்கக் குழந்தைகள், கையில் பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் தனியே போக அனுமதியில்லை, அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று மெதுவாக விளக்கினாள். நியாயம்தான். விதி என்றால் நகுலேஸ்வரிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"அப்படியென்றால் ஒரு பூவை இங்கே தாருங்கள். வாசலில் நின்றே எழுதித் தருகிறேன்."

"பிள்ளைக்கு ஒன்று என்று எண்ணித்தான் வெட்டியிருக்கிறோம். மன்னித்துக்கொள்ளுங்கள்." அந்தப் பெண்ணுக்கே முகம் வாடிவிட்டது. கையிலிருந்த தாளிலிருந்து நாலு ஒட்டுத்தாள்களைக் கிழித்து நீட்டினாள். "இவை உங்கள் பேர்களில் அச்சடித்தவை. வைத்திருங்கள்."

நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் சின்னத் தாள்கள். மேலே ஒரு சிவப்புப் பூ, அதன் கீழே பேர். அதற்கும் கீழே 'இன்று நான் நினைப்பது' என்று போட்டு ஒரு வெற்றுக் கோடு.

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் நிரப்பிய படிவம் திரும்பி வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. பஸ் தரிப்பிடத்துக்கு வந்த பிறகு வெட்கம் போய் அழுகை வந்தது. சுற்றிவர அத்தனை சனம், ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

86 வந்தது. மேல்தட்டின் முன்வரிசைக்குப் போய் அமர்ந்தாள். அவருக்கு லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் நாலு பேரும் ஏறிப் போகும் இடம் அது. கீழே ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் நித்தியானந்தன் மேலே இருந்து உச்சுக்கொட்டிக் குறை சொல்லிக்கொண்டு வருவார்.

போன் அடித்தது. கோசிகா.

"அம்மா, அந்த ஈவன்ட்டுக்குப் போனீங்களா?"

"ஓம் பிள்ளை, போனனான்."

"அப்பாட பேர் போட்டாச்சா?"

"போடுறன்."

"தனியவா போனீங்க?"

"சனமெண்டால் அப்பிடிச் சனம்."

"ஓகே அம்மா. பிறகு எடுக்கிறன், என்ன?"

பிறகு எடுக்க மாட்டாள். பிள்ளையில் பிழையில்லை, அவளுக்கும் ஆயிரம் வேலை. நகுலேஸ்வரி கண்ணாடியைப் போட்டு, கறுப்புப் பேனையை எடுத்தாள். தன் தாளின் கோட்டில் அவர் பேரை எழுதினாள், அதற்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பிள்ளைகளின் தாள்களில் பேனையை வைத்தபடி இருந்தாள். இந்தச் சனிக்கிழமை மத்தியானத்தில் அவர்கள் யாரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு கோடுகளையும் வெறுமையாகவே விட்டாள்.

கடைசித் தாளில் அவர் பேர் பெரிய எழுத்தில் முழுதாக இருந்தது. டிப்போவில் எல்லோரும் நிக் என்றே கூப்பிட்ட மனிதர், இங்கே நித்தியானந்தனாக இருந்தார். கீழே வெற்றுக் கோடு. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேல்தட்டில் வேறு யாரும் இல்லை. கையை நிதானமாக வைத்து, அந்தக் கோட்டில் 'நகுலேஸ்வரி' என்று எழுதினாள். அவளை நினைக்கவும் யாராவது வேண்டாமா?

முன் கண்ணாடியின் கீழே, அவர் வழக்கமாகக் கையூன்றும் விளிம்பில், அந்தத் தாளை அழுத்தி ஒட்டினாள். இரவு டிப்போவில் துடைக்கிறவர்கள் உரித்து எறிவார்கள், அது அவளுக்குத் தெரியும். அதுவரைக்கும் 86இன் இரண்டு முனைகளான றொம்ஃபோர்ட்டுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்ட்டுக்குமாக அவர் போய்வரட்டும். மனோர் பார்க் வந்ததும் மணியை அடித்துவிட்டு, மற்ற மூன்று தாள்களையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.