மாங்குளம் வரை ஒரு பிறந்தநாள்

"அம்மா, எனக்கு இந்த முறை பிறந்தநாள் வேண்டாம்" என்று மகள் சொன்னபோது நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஏழு வயதாகப் போகிற பிள்ளை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சோறு போதும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அதன்பிறகு கை ஓடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பிறந்தநாள் என்பது பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் நடக்கிற விசேஷம். முற்றத்தில் பந்தல், பலூன் சோடிப்பு, வீடியோக்காரர், வெளிநாட்டுச் சட்டை. கேக் வெட்டியதும் வந்த பெரியவர்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில் வந்து பிள்ளையின் வாயில் ஒவ்வொரு துண்டு தீத்துவார்கள். தீத்துவது என்றால் ஊட்டுவது. ஊட்டுகிற கையை அப்படியே வாயருகில் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரிக்க வேண்டும்.

போன வருடம் என் மகளுக்கும் அப்படித்தான் செய்தோம். கழுத்தைச் சுரண்டுகிற சரிகைச் சட்டையோடு நின்று, வந்த கை ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தாள். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை அவள். படம் வடிவாக விழவில்லை, இன்னொருமுறை தீத்துங்கள் என்று வீடியோக்காரர் சொல்லச் சொல்ல, அதற்கும் திறந்தாள். கடைசியில் தின்றதையெல்லாம் சட்டை முழுக்கச் சத்தி எடுத்தாள். முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தினோம். வீடியோவில் அந்த இடம் இல்லை. அவளோடு படிக்கிற பிள்ளைகள் சுவரோரக் கதிரைகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தியோடுகூட அவள் விளையாடவில்லை.

பிறந்தநாள் நடக்கும், ஆனால் இந்த முறை அவளுக்குத்தான் நடக்கும் என்று தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டே முடிவெடுத்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். சொல்லட்டும்.

என்ன மாதிரிப் பிறந்தநாள் என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் இருப்பது கிளிநொச்சி டவுனுக்கு வெளியே, வாய்க்கால் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். சனிக்கிழமைகளில் சந்தைக்குப் பஸ்ஸில் போவோம். மற்றப் பிள்ளைகள் யன்னலால் வெளியே பார்ப்பார்கள். இவள் கொண்டக்டரையே பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் என் பழைய கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, வாசல் தூணைப் பிடித்துத் தொங்கியபடி, "மாங்குளம் மாங்குளம் மாங்குளம், ஏறுங்கோ ஏறுங்கோ" என்று யாருமில்லாத முற்றத்தைப் பார்த்துக் கத்துவாள். ஆட்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளைக்கு அவ்வளவு குரல் எங்கேயிருந்து வருகிறது என்று நான் குசினிக்குள் நின்று சிரிப்பேன். ஆகவே பஸ் என்று தீர்மானித்தேன். முற்றம்தான் பஸ், அவள்தான் கொண்டக்டர்.

சொன்னதும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. "கேக் தீத்துவினமோ?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "சத்தியமா?" என்று உள்ளங்கையை நீட்டினாள். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் பிழைத்தால் இனி எது வேண்டும், எது வேண்டாம் என்று இந்தப் பிள்ளை என்னிடம் வாயே திறக்கமாட்டாள் என்று பயம் வந்தது. அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் எனக்குக் காதில் ஏறவில்லை.

சொல்ல ஆள் இல்லாமலில்லை. கணவரின் அக்கா, என் மச்சாள், பக்கத்து வளவில்தான் இருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் ஒரு விசேஷமும் அவர் இல்லாமல் நடக்காது. நல்ல மனுசி, எந்த வேலைக்கும் சளைக்காதவர், ஆனால் வாய் சும்மா கிடக்காது. கேட்டதும் தலையில் கை வைத்தார். பொம்பிளைப் பிள்ளையைப் பிறந்தநாள் அன்று காற்சட்டை போட்டுக் கொண்டக்டராக நிறுத்துவதா, கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய இளவரசிச் சட்டை அலுமாரிக்குள் கிடப்பதா, ஊர் என்ன கதைக்கும் என்றார். ஊர் கதைத்துவிட்டுப் போகட்டும், பிள்ளை சத்தி எடுக்காமல் இருந்தால் எனக்குப் போதும் என்றேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு தானாகவே வந்து, றோல்ஸ் செய்கிற பொறுப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முற்றத்தில் கதிரைகளை இரண்டு இரண்டாக அடுக்கி, நடுவில் நடக்க வழி விட்டோம். முன்னால் ஒரு மேசை. பழைய சைக்கிள் றிம் ஒன்றைக் கணவர் அதில் ஸ்டியரிங்காகப் பூட்டினார். பக்கத்தில் சாமிப்படம், பிளாஸ்டிக் மாலை, மினுங்குகிற லைற். அதெல்லாம் இல்லாமல் எங்கள் வீதியில் எந்த பஸ் ஓடுகிறது? பஸ் ஆனையிறவிலிருந்து வெளிக்கிடும். உப்பளத்து ஊர் என்பதால் அங்கே ஒரு பெரிய தாச்சி நிறைய உப்பு. அதற்குள் புதைத்து வைத்த ரொபி இனிப்பைக் கையால் கிளறி எடுக்க வேண்டும். கிளிநொச்சியில் சங்கீதக் கதிரை. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் கடலை உடைக்கிற போட்டி. மாங்குளத்தில் கேக். கேக்கைக் கடைசியில் வைத்தது என் கெட்டித்தனம். பஸ்ஸில் பயணம் வந்தவர்களுக்குத்தான் கேக், அதுவும் அவரவர் கையில். தீத்துவதற்கு வரிசையே வராது.

அழைப்புக்கு மட்டையில் டிக்கெட் வெட்டினோம். ஆனையிறவிலிருந்து மாங்குளம், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி என்று மகளே ஒவ்வொன்றிலும் எழுதிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள். பெரியவர்களுக்கு நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவர்கள் வந்தால் கூடவே வரிசையும் வந்துவிடும். வீடு வீடாகப் போய்ச் சொல்லவில்லையா என்று மச்சாள் மாக் குழைத்தபடி கேட்டார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் காணும் என்றேன். "நீ உன்ரை பாட்டிலை செய்" என்று சொல்லிவிட்டு மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மகள் நீலக் காற்சட்டையும் சேர்ட்டும் போட்டு, பையை மாட்டிக்கொண்டு ஒழுங்கைப் பக்கத்துப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நாலரை ஆனது. ஒருவரும் வரவில்லை. ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது, பிறகு ஒரு மாடு போனது. கணவர் பலூன்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் மகள் திரும்பி வந்து முன் கதிரையில் உட்கார்ந்து, பையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான் வேண்டாமெண்டுதானே அம்மா சொன்னனான்" என்றாள்.

விறுவிறென்று படலைக்கு வெளியே போனேன். அங்கே பார்த்தால், எதிர்வீட்டுப் படலைக்குப் பின்னால் மகளின் வகுப்புத் தோழி பூப்போட்ட சட்டையும் ரிபனுமாக, பழைய பேப்பரில் தானே சுற்றிய எதையோ கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெளிக்கிட்டு நிற்கிற பிள்ளை ஏன் ஒழுங்கையைத் தாண்டவில்லை? தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன். அவர் ஆறுதலாகவே பதில் சொன்னார்.

"பிள்ளை டிக்கெட் ஒண்டு கொண்டுவந்து காட்டினவள்தான். பிள்ளையள் விளையாடுதுகளாக்கும் எண்டு நினைச்சம். நீங்கள் முன்வீட்டிலை இருந்துகொண்டு ஒரு வார்த்தை வந்து சொல்லேல்லை. சொல்லாத வீட்டுக்குப் பிள்ளையை எப்பிடி விடுறது?"

எங்கள் ஊரில் வாயால் சொன்னால்தான் சொன்னது. கார்ட் அடித்தாலும் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, வீட்டோடு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியாததா? பிள்ளைகள் விஷயத்துக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நானாகவே சட்டம் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். இந்தப் பிள்ளையைப் போலத்தான் மற்றப் பிள்ளைகளும் அவரவர் படலைக்குப் பின்னால் வெளிக்கிட்டு நிற்கும் என்று விளங்கியது. அங்கேயே நின்று அழுதிருக்கலாம். ஆனால் இன்னும் வெயில் இருந்தது, பஸ்ஸும் வெறுமையாக நின்றது.

லான்ட் மாஸ்டரை எடுங்கள் என்றேன் கணவரிடம். வயல் வேலைக்கு நாங்கள் வைத்திருக்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி பூட்டியது. காலையில்தான் உரம் ஏற்றிப் போய் வந்திருந்தது. "நீர் என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டார். பஸ் வீட்டுக்குள் நின்றால் ஆர் ஏறுவது, ஆட்கள் நிற்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றேன். பெட்டியைக் கழுவி, பாயை விரித்து, மாமரத்தில் கட்டியிருந்த பலூன்களை அவிழ்த்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். மகள் மறுபேச்சில்லாமல் ஏறினாள். பையை மாட்டவில்லை, கையில் வைத்திருந்தாள்.

எதிர்வீட்டிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு படலையிலும் நான் இறங்கி உள்ளே போய், பிள்ளையின் பிறந்தநாள், வீட்டோடு வாருங்கள் என்று முறையாகச் சொன்னேன். இப்போதுதான் ஞாபகம் வந்ததோ என்று ஒரு தாய் கேட்டார். ஓம், இப்போதுதான் வந்தது, பிள்ளையைத் தாருங்கள் என்றேன். தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று இன்னொரு வீட்டில் மறித்தார்கள். வேறொரு நாள் வந்து இரண்டு கோப்பை குடிக்கிறேன் என்று சொல்லித் தப்பினேன். ஒரு வீட்டில் தகப்பன் முகமே கொடுக்கவில்லை. பிள்ளை அவருக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து பெட்டியில் ஏறிவிட்டது. அவரும் காணாதமாதிரி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்களின் ரோஷத்தை அள்ளிக் கொட்டினால் குன்றும் குழியுமான எங்கள் ஒழுங்கையை நிரவி விடலாம். எனக்கு வந்த கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அடுத்த படலையில் சிரித்தேன். சத்தியம் செய்து கொடுத்தவள் நான்தானே.

வாய்க்கால் பாலத்தடியில் கடைசியாக ஒரு பெடியன் ஏறி, பெட்டியின் வாயிலேயே நின்று வழியை மறித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். மகள் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பின்னுக்குப் போங்கோ. மற்ற ஆக்கள் ஏறுறேல்லையோ?" என்றாள். பிறகு பெட்டியில் படாரென்று தட்டி "றைற்" என்றாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அது கேட்டது.

நாங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் உடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சொன்னால் வருவார்கள்தானே. றோல்ஸ் காணாது என்று மச்சாள் குசினிக்குள் எல்லாவற்றையும் பாதி பாதியாக வெட்டினார். பெரியவர்களைப் பின் வரிசைகளில் இருத்தினேன். ஆனையிறவில் பிள்ளைகளின் முழங்கை வரைக்கும் உப்பு. கிளிநொச்சியில் கதிரைக்கு அடிபிடி. முறிகண்டியில் கச்சான் கோது முற்றம் முழுக்கப் பறந்தது. மகள் நடுவழியால் முன்னும் பின்னும் ஓடி ஓடி எல்லோரையும் ஏற்றினாள், இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வீடியோவில் கனடாச் சித்தப்பா. மச்சாளின் மற்றக் கையில் இளவரசிச் சட்டை. சித்தப்பா வேலைக்குப் போக வேண்டுமாம், கேக்கை இப்போதே வெட்டிவிடுவோம், பிள்ளை சட்டையை மாற்றட்டும், தீத்துகிற ஆட்கள் வரிசையாக வாருங்கள் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, பெரியவர்கள் பழக்கத்தில் எழும்பிச் சேலையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். நான் பாய்ந்து போக வெளிக்கிட்டேன். அதற்குள் மகள் நடுவழியில் வந்து மச்சாளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இல்லை மாமி. பஸ் இப்ப முறிகண்டியிலைதான் நிக்குது. கேக் மாங்குளத்திலை. எல்லாரும் இருங்கோ."

என் பிள்ளை ஒரு பெரியவருக்கு இல்லை என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. மச்சாள் என்னைப் பார்த்தார். நான் கொண்டக்டரைக் கைகாட்டினேன். கைபேசிக்குள்ளிருந்து சித்தப்பா, அங்கே என்ன நடக்கிறது, கேக் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எழும்பியவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"பொறு தம்பி" என்று கைபேசியைப் பார்த்துச் சொன்னார் மச்சாள். "கேக் மாங்குளத்திலையாம். நாங்கள் இன்னும் போய்ச் சேரேல்லை."